வேனகனில் சுபாரு என்ஜின்: மவுண்ட் வேலை

என்ஜினும் கியர்பாக்ஸும் இப்போது வேனின் சேஸிஸிலேயே தொங்குகின்றன. ஜாக்கியை உருவி எடுத்துவிட்டேன்.

வண்டி 1987 ஃபோக்ஸ்வாகன் வேனகன். அதன் 2.1 லிட்டர் என்ஜினுக்கு 95 குதிரைத்திறன். சிலிண்டர் ஹெட் ஓரத்து ரப்பர் வழியாகத் தண்ணீர் கசிவது அந்த என்ஜினின் பிறவிக்குணம். அதற்குப் பதிலாக 1992 சுபாரு லெகசியின் 2.2 லிட்டர் இஜே22 என்ஜினை வைக்கிறேன். இது 130 குதிரைத்திறன். இதுவும் படுக்கை வாட்டத்து நான்கு சிலிண்டர் என்பதால் வேனின் பின்தளத்துக்கு அடியில் அடங்கிவிடுகிறது. மாற்றிப் பொருத்தும் என்ஜின் வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. அந்தக் கணக்கிலும் தப்பித்தேன்.

கியர்பாக்ஸையும் சுபாருவிலிருந்தே எடுத்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். லெகசியில் என்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் அதற்குப் பின்னால். வேனகனில் என்ஜின் வாலில், கியர்பாக்ஸ் அதற்கு முன்னால். சுபாரு ஜோடியை அப்படியே திருப்பி வைத்தால் சக்கரங்களும் எதிர்த்திசையில் சுற்றும். ரிவர்ஸில் போக ஐந்து கியர், முன்னால் போக ஒன்று! உள்ளே பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகும், செலவு கட்டுபடியாகாது. அதனால் வேனின் பழைய நான்கு கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு, அதையும் சுபாரு என்ஜினையும் இணைக்க இடையில் அலுமினிய அடாப்டர் தட்டு கொடுத்தேன்.

வேனகனில் என்ஜின், கியர்பாக்ஸ் சுமை முழுவதும் மூன்றே இடங்களில் இறங்குகிறது. கியர்பாக்ஸின் மூக்கில், அதாவது முன்முனையில், ஒரு மவுண்ட் (ரப்பர் வைத்த தாங்கல்), என்ஜினின் வால்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு. நடுவில் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குத் தாங்கல் எதுவும் கிடையாது. என்ஜினைக் கழற்றியதும் கியர்பாக்ஸின் பின்முனை கீழே சரியப் பார்க்கும். ஒரு கட்டையைக் குறுக்கே கொடுத்துக் கட்டி வைத்திருந்தேன். மூக்கு மவுண்டில் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்திருந்தது. முதல் வேலையாக அதை மாற்றினேன். அது தொய்ந்திருந்தால் பின்னால் எடுக்கும் அளவெல்லாம் பொய்யாகிவிடும்.

என்ஜினைச் சேர்க்கும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர்தான் பொறுமையைச் சோதிக்கும். போல்ட்டை முறுக்கியே இழுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். அப்படிச் செய்தால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளையும், அல்லது அடாப்டர் விரியும். கியரில் போட்டுவிட்டு, மகளிடம் ஸ்பேனரைக் கொடுத்து என்ஜினைக் கையால் சுழற்ற உதவும் கிராங்க் புல்லியை மெல்லச் சுற்றச் சொன்னேன். "இன்னும் சுற்றவா, அப்பா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் தண்டின் பற்கள் கிளட்சில் விழுந்தன, அடாப்டர் தட்டும் பெல் ஹவுசிங்கும் (கிளட்சை மூடும் கியர்பாக்ஸ் உறை) கையழுத்தத்திலேயே ஒட்டி உட்கார்ந்தன.

மல்லுக்கட்டு அதற்குப் பிறகுதான். என்ஜின் பிளாக்கின் அடியில் பூட்டி, சேஸிஸின் இரண்டு பக்கமும் எட்டும்படி செய்த இரும்புத் தாங்கியை விலைக்கு வாங்கியிருந்தேன். இடப்பக்க போல்ட்கள் விரலாலேயே ஏறின. வலப்பக்கம் துளை மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றது. கடப்பாரை போட்டு நெம்பினால் போல்ட் நுழைந்திருக்கும். ஆனால் ரப்பர் ஆயுளுக்கும் முறுக்கிக்கொண்டே கிடக்கும், அதிர்வு முழுவதும் இருக்கைக்கு வரும். மூக்கு மவுண்ட் உட்பட எல்லாவற்றையும் தளர்த்தினேன். என்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் லேசாகத் தூக்கி, என்ஜினைப் பக்கவாட்டில் ஆட்டினேன். இரண்டு மில்லிமீட்டர் தானாகத் திரும்பி வந்தது. மிச்சத்துக்கு வட்ட அரத்தால் துளையை நீள்வட்டமாக்கி, தடித்த வாஷர் போட்டேன். அராவியது தாங்கியின் துளையை மட்டுமே. தாங்கியை நாளை வேறு வாங்கலாம், சேஸிஸில் கைவைக்க எனக்கு மனம் வராது. பிறகு ஜாக்கியை இறக்கி, முழு எடையும் ரப்பரில் அமர்ந்தபின், வண்டியை நாலு முறை குலுக்கிவிட்டு முறுக்கினேன். மூக்கு போல்ட்கள் கடைசியில்.

உயர விஷயத்தில் ஆளுக்கொரு வழி. சுபாருவின் ஆயில் சம்ப் தரையை நோக்கி அதிகம் இறங்குகிறது. என்ஜினை உயர்த்தி வைத்தால் தீர்ந்தது என்பார்கள். உயர்த்தினால் கியர்பாக்ஸின் பின்முனையும் கூடவே ஏறும். சக்கரங்களுக்குப் போகும் அச்சுகளின் சிவி ஜாயின்ட் (வளைந்து சுழலும் மூட்டு) கோணம் மாறும், கியர் மாற்றும் கம்பியின் வாட்டமும் கெடும். நான் ஆழம் குறைத்த சம்பையே போட்டுக்கொண்டேன். மவுண்டில் ரப்பருக்குப் பதில் அதைவிட விறைப்பான பாலியூரிதேன் போடும் யோசனையையும் கைவிட்டேன். பந்தய வண்டிக்கு அது சரி; இரவில் படுத்துத் தூங்கும் வேனுக்கு எதற்கு அந்த உறுமல்?

ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கியர்பாக்ஸ் மூக்கிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த எர்த் பட்டையை மாட்டாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், அத்தனை மின்னோட்டமும் ஆக்சிலரேட்டர் கேபிள் போன்றவற்றின் வழியாகப் பாயும். பட்டையின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டினேன்.

இஜே22இன் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வாய்கள் கீழ்நோக்கித் திறப்பவை, அதாவது தாங்கியின் பக்கத்திலேயே. என்ஜின் ரப்பரில் ஆடும் என்பதால் குழாய்க்கும் சேஸிஸுக்கும் இடையே எங்கும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். வலப்பக்கம் அது இப்போதைக்கு அரை விரல்தான் இருக்கிறது. குழாயை அங்கே வெட்டி வளைத்து மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும்.