சாம்பல் நிற நாடுகள்

ஆண்டறிக்கைகளுக்கு லேஅவுட் செய்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. வளர்ச்சி உதவி அமைப்புகளின் அறிக்கை என்றால் முதல் சில பக்கங்களுக்குள் உலக வரைபடம் ஒன்று கட்டாயம் வந்து உட்கார்ந்துவிடும். பணம் வாங்கும் நாடுகளுக்கு அடர் சிவப்பு, ஆரஞ்சு. கொடுக்கும் நாடுகளுக்கு வெளிர் சாம்பல். அந்தச் சாம்பலுக்குக் குறிவிளக்கத்தில் ஒரு கட்டம்கூட இருக்காது.

வரைபட அரசியல் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் மெர்கேட்டர் என்ற பழைய உலக வரைபட முறையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். 1569இல் கப்பலோட்டிகளுக்காகப் போட்டது. திசை தப்பாது, பரப்பளவு தப்பும். ஆப்பிரிக்காவுக்குள் 14 கிரீன்லாந்துகளை அடைக்கலாம், அதில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதை மாற்றச் சொல்லும் பிரசாரத்தை 2025இல் ஆப்பிரிக்க ஒன்றியமே ஆதரித்தது. நியாயம்தான். பரப்பளவைச் சரியாகக் காட்டும் ஈக்வல் எர்த் வரைபடம் 2018இலேயே வந்திருக்கும்போது பழசைப் பிடித்துத் தொங்குவானேன்? மென்பொருளில் இரண்டு நிமிட வேலை.

அத்தோடு சரியாகிவிடுமா என்றால், இல்லை. மேற்கு ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் வில்லி பிராண்ட் தலைமையில் உலக வளர்ச்சிப் பிரச்சினைகளை ஆராய்ந்த ஆணையம் 1980இல் வெளியிட்ட அறிக்கையின் அட்டையைப் பாருங்கள். பரப்பளவைச் சரியாகக் காட்டும் பீட்டர்ஸ் வரைபடம்தான். குறுக்கே, பணக்கார வடக்கு, ஏழைத் தெற்கு என்று ஒரு கோடு. அது ஆசியாவைச் சுற்றி வந்து, சரேலென்று கீழே இறங்கி, ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் வளைத்து 'வடக்கில்' சேர்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் இப்படி வரைந்திருந்தால் பூகோள வாத்தியார் காதைத் திருகியிருப்பார்.

வரைபடத்தை யார் வரைகிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், கென்யத் தலைநகர் நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேரா. லட்சத்துக்கு மேல் ஜனம் நெருக்கியடித்து வாழும் இடம். 2009இல்கூட அரசு வரைபடத்தில் அது காடு. கணக்கெடுக்க வந்த வெளி அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை, எடுத்த கணக்கு மட்டும் அந்த ஊர்க்காரர் கைக்கு வந்ததில்லை. அந்த ஆண்டு அங்கே வாழும் இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு கியாண்டா, லிண்டி, சிலங்கா என்று சந்து சந்தாக நடந்து, தண்ணீர் பிடிக்கும் இடம், கழிப்பறை, கிளினிக் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். என்னைப் போல ஒருவனிடம் விட்டிருந்தால் 'குடிசைப் பகுதி' என்று ஒரே சிவப்புத் திட்டாக அப்பியிருப்பேன்.

சமீபத்திய அறிக்கை ஒன்றில் கொடுக்கும் நாடுகளுக்கும் நிறம் கொடுத்து, ஆலோசகர் கட்டணமாக அங்கேயே திரும்பிப் போகும் பணத்துக்கு ஓர் அம்புக்குறியும் போட்டு அனுப்பினேன். 'டிசைன் அருமை, அந்த அம்பை மட்டும் எடுத்துவிடலாமே' என்று பதில் வந்தது. சரி, எடுத்தாகிவிட்டது. பில்லில் அதற்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்.