மரபணு ஆலோசனைக்கு வந்த பில்லைத் திருத்திய அனுபவம்

அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சித்திக்குச் சினைப்பையில் வந்தது. ஆகவே இவ்விரு புற்றுநோய்களின் அபாயத்தையும் கூட்டும் பிஆர்சிஏ (BRCA) மரபணு மாற்றம் எனக்கும் இருக்கக்கூடுமா என்று கேட்க, நியூ ஜெர்சியில் நான் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சென்றேன். அவர் அரை மணி நேரம் ஒதுக்கி, இருவழி உறவினர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னர் வந்த காப்பீட்டு அறிக்கையிலோ முழுத் தொகையும் டிடக்டிபிளில், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் நாமே செலுத்த வேண்டிய தொகையில், சேர்க்கப்பட்டிருந்தது; ஆகவே நானே கட்ட வேண்டும்.

2010-ஆம் ஆண்டின் அஃபோர்டபிள் கேர் சட்டப்படி, அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 'ஏ' அல்லது 'பி' தரம் வழங்கிப் பரிந்துரைத்த சேவைகளை நெட்வொர்க்கில் உள்ள (காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துள்ள) மருத்துவரிடம் பெற்றால், பெரும்பாலான தனியார் காப்பீடுகள் நோயாளியிடம் எதுவும் வசூலிக்கக் கூடாது. இத்தகைய குடும்ப வரலாறு உள்ள பெண்களுக்கான அபாய மதிப்பீடும், தேவைப்படுவோருக்கு மரபணு ஆலோசனையும் பரிசோதனையும் 2019-இல் மறுபடியும் 'பி' தரம் பெற்றவை.

காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, பில்லில் உள்ள நோய்க் குறியீட்டைக் கேட்டேன். கேட்டால் அவர்கள் சொல்லியே ஆக வேண்டும். என்64.4, அதாவது மார்பக வலி. எப்போதோ வந்து போன வலியைப் பற்றிப் பேச்சுக்கிடையே ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த வரியே நான் வந்த காரணமாகப் பதிவாகி, 99213 என்ற சாதாரண சிகிச்சைக் குறியீட்டில் பில் போயிருந்தது.

மேல்முறையீட்டுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. ஆனால் குறியீடு தவறாக இருக்கும்போது மேல்முறையீடு எழுதுவது வீண் என்பது என் கருத்து. முதலில் கிளினிக்கின் பில்லிங் பிரிவைத்தான் அணுக வேண்டும். குறியீட்டை மாற்றித் தாருங்கள் என்று நான் எழுதவில்லை, மருத்துவரின் குறிப்புகளை மீண்டும் படித்துப் பார்க்கும்படியே கேட்டேன், ஏனெனில் குறிப்பில் இல்லாததைப் பில்லில் எழுதுவது மோசடி. அதுவரை பாக்கியை வசூல் நிறுவனத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கவும் வேண்டினேன். குறிப்பில் குடும்ப வரலாறும் பேசிய நேரமும் தெளிவாக இருந்தன. குடும்ப வரலாற்றுக்கான இசட்80.3, இசட்80.41 குறியீடுகளோடும், 30 நிமிட ஆலோசனைக்கான 99402 குறியீட்டோடும், தடுப்புச் சேவை என்று காட்டும் 33 என்ற துணைக் குறியீட்டை (மாடிஃபையர்) சேர்த்தும் பில் திரும்பச் சென்றது. இதைப் புதிய கிளெய்மாக (காப்பீட்டுக் கோரிக்கையாக) அனுப்பியிருந்தால் நகல் என்று நிராகரித்திருப்பார்கள். முந்தையதற்கு மாற்று என்பதைக் குறிக்கும் 7 என்ற எண் அதில் இருந்தது.

திருத்திய அறிக்கையில் என் பங்கு பூஜ்ஜியம். அடுத்து வரும் ரத்தப் பரிசோதனைக்கும் இதே விதி பொருந்தும் என்பதால், முன் அனுமதி தேவையா, ஆய்வகம் நெட்வொர்க்கில் உள்ளதா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டேன். 2010 மார்ச்சுக்கு முன்பிருந்து பெரிய மாற்றமின்றித் தொடரும் பழைய திட்டங்களுக்கு இந்த விதி பொருந்தாது. உங்கள் திட்டம் எந்த வகை என்பதை வேலையிடத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டறியலாம்.