16 காணுமா, 32 வேணுமா?

கிளிநொச்சியில் லப்டொப் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது புரொசசர் "ஐ5ஓ, ஐ7ஓ?" என்றுதான். றாம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை மெசின் வைத்திருக்கும் தற்காலிக நினைவகம், எவ்வளவு என்ற கேள்வி கடைசியில் வரும், சிலர் கேட்பதே இல்லை. ஐ7 என்று ஒட்டியிருப்பதை நம்பி, 8 ஜிபி றாமோடு ஒரு மெசினைக் கடன்பட்டு வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நாளில் "சரியான ஸ்லோவா இருக்கு அண்ணா" என்று தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்குதில்லை. முதற்சம்பளத்தில் வாங்கின சாமான் அது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வேலை குளங்களை அளந்து படம் கீறுவது. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்கள் இல்லை. ஊர்களுக்குள் இருக்கும் சின்னக் குளங்கள். கட்டு எங்கே தாழ்ந்திருக்கிறது, மிச்சத் தண்ணீர் வழியும் வான் எந்த மட்டத்தில் பாய்கிறது, வயலுக்குத் தண்ணீர் விடும் துருசு எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் அளந்து, திருத்த எவ்வளவு மண், எவ்வளவு கொங்கிறீற் என்று மதிப்பீடு போட வேண்டும். காலபோக மழைக்கு முன் திருத்தி முடிக்க வேண்டிய வேலை. மதிப்பீடு பிந்தினால் கட்டு அப்படியே இன்னொரு மாரியைத் தாங்க வேண்டியதுதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது என்ன விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே றாம் பற்றி நான் கதைப்பது வசதிக்காக இல்லை. வேலை உரிய நேரத்தில் முடிய வேண்டும் என்பதற்காக.

அறிவியல் நகரில் பொறியியல் படித்து முடித்து எங்களோடு சேர்ந்த ஒரு தங்கச்சி போன மாதம் கேட்டா: "அண்ணா, 16 காணுமோ, இல்லாட்டி 32 எடுக்கோணுமோ?"

"முதல்ல சொல்லும், ஒரு நாளில ஆகப் பாரமான வேலை என்ன செய்வீர்?" என்று கேட்டேன்.

"எக்செல், ஓட்டோகேட், கூகுள் மீட்... ட்ரோன் படமும் இனிமேல் நான்தான் ஓட்டோணும் எண்டு சொல்லியிருக்கினம்."

அந்தக் கடைசி வசனம் இல்லாவிட்டால் 16 காணும் என்று அதிலேயே முடித்திருப்பேன்.

வின்டோஸ் 11 போட ஆகக் குறைந்தது 4 ஜிபி வேண்டும் என்பது மைக்ரோசொப்ட்டின் கணக்கு. போடுவதற்கு அது காணும், வேலை செய்யக் காணாது. 8 ஜிபி மெசினை ஒன் பண்ணி ஒன்றையும் திறக்காமல் விட்டாலே மூன்று, மூன்றரை ஜிபி போய்விடுகிறது. தனிக் கிராபிக்ஸ் காட் இல்லாத லப்டொப் என்றால் திரைக்கு வேண்டிய நினைவகத்தையும் இதே றாமிலிருந்துதான் எடுக்கும். மிச்சத்துக்குள்ளே குரோம், வாட்ஸ்அப், வைரஸ் காவல், நூறு தாள் உள்ள எக்செல் மதிப்பீடு எல்லாம் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மீட்டிங்கும் வந்தால் மெசின் மூச்சுத் திணறும். 2024 மே மாதம் மைக்ரோசொப்ட் கொபைலட் பிளஸ் என்ற தன் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு 16 ஜிபி கட்டாயம் என்று அறிவித்தது. அதே வருஷம் ஒக்டோபரில் அப்பிளும் மக்புக்குகளின் ஆரம்ப அளவை 8இலிருந்து 16க்கு உயர்த்திவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் 8 ஜிபியை 'ஒஃபிஸ் வேலைக்குத் தாராளம்' என்று விற்பது சரியில்லை.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடமோ என்னிடமோ கேட்காமல் நீங்களே பார்க்கலாம். இப்போது பாவிக்கிற மெசினில், வேலை ஆக மும்முரமாக நடக்கும் நேரத்தில், எல்லாம் திறந்தபடி இருக்க, கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். பெர்போமன்ஸ், பிறகு மெமரி. மேலே தெரியும் சதவீதத்தை விடுங்கள். கீழே 'கொமிட்டட்' என்று இரண்டு எண்கள் சரிவுக்கோடு போட்டு இருக்கும். இடப்பக்க எண், திறந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வைத்திருக்கும் அளவு. வலப்பக்கம், றாமும், றாம் போதாதபோது பாவிக்க டிஸ்க்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம்.

தங்கச்சியின் பழைய 8 ஜிபி மெசினில் பார்த்தபோது 13.8/15.9 என்று இருந்தது. கையில் இருக்கும் றாமைவிட ஆறு ஜிபி அளவுக்கு மேலே கேட்டிருக்கிறது. கேட்டது எல்லாம் ஒரே நேரத்தில் பாவனையில் இராது, உண்மைதான். ஆனால் இடைவெளி இவ்வளவு பெரிதென்றால் வின்டோஸ் ஒன்றை எடுத்து டிஸ்க்கில் வைத்து, மற்றதைக் கொண்டுவந்து, திரும்ப அதை மாற்றி என்று ஓடிக்கொண்டே இருக்கும். களம் சின்னதென்றால் சூடு அடிக்க அடிக்க நெல்லை மூட்டை கட்டி வீட்டுக்கும் களத்துக்கும் சுமந்துகொண்டிருப்பது போலத்தான். சுமக்கிற ஆள் எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் நேரம் சுமையில்தான் போகும். ஐ7 போட்டும் ஸ்லோ என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இது.

பாரமான வேலையின்போது இடப்பக்க எண் எவ்வளவு வருகிறதோ, அதற்குச் சற்று மேலே இருக்கும் றாம் அளவுதான் உங்களுக்குரியது. 11 வந்தால் 16. 18, 20 வந்தால் 32.

இனி ட்ரோன். அனுமதி எடுத்து, ஒரு சின்னக் குளத்தையும் அதன் வயல்வெளியில் ஒரு பகுதியையும் பறந்து எடுத்தால் இருநூற்றைம்பதிலிருந்து நானூறு படம் வரை வரும். அவற்றை ஒட்டி ஒரே வரைபடமாக்க நாங்கள் பாவிப்பது ஓப்பன்ட்ரோன்மப். இலவசம், நல்ல சாமான். அதன் கையேட்டிலேயே கணக்கு இருக்கிறது: 40 படத்துக்கு 4 ஜிபி, 250 படத்துக்கு 16, 500 படத்துக்கு 32, 1500 படத்துக்கு 64. டிஸ்க்கில் ஒதுக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனால் டிஸ்க்கை நம்பி ஓட்டினால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். றாம் போதாவிட்டால் வேலை பாதியில் 137 என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடும். இரவு போட்டுவிட்டுப் படுத்து, காலையில் எழும்பி அந்த எண்ணைப் பார்ப்பதைவிட எரிச்சல் வேறில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வின்டோஸில் ஓப்பன்ட்ரோன்மப், மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டொக்கர் வழியாக, உள்ளே ஒரு லினக்ஸில்தான் ஓடுகிறது. அந்த லினக்ஸுக்கு வின்டோஸ் வழமையாகக் கொடுப்பது மெசினின் றாமில் பாதி. 32 ஜிபி போட்டும் 137 வருகிறது என்று ஒருவர் முல்லைத்தீவிலிருந்து போன் எடுத்தார். உள்ளே இருந்தது 16தான். டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக் (.wslconfig) என்ற சின்னக் கோப்பில் மெமரி அளவை 24 என்று எழுதி, மெசினைத் திருப்பிப் போட்டதும் அதே படங்கள் ஓடி முடிந்தன. ஒரு சதமும் செலவில்லை.

தங்கச்சிக்கு நான் சொன்னது: இப்போதே 32க்குக் காசு இல்லாவிட்டால் 16 எடும், ஆனால் பிறகு போடக்கூடிய மெசினாய்ப் பாரும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மெல்லிய லப்டொப்புகள் பலவற்றில் றாம் போட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும், காலம் முழுக்க அதே அளவுதான். கடையிலேயே டாஸ்க் மனேஜரைத் திறந்து, மெமரி பக்கத்தில் 'ஃபோர்ம் ஃபக்டர்' என்ற வரியைப் பாருங்கள். 'றோ ஒஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ஒட்டியது. 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றலாம். அதற்குப் பக்கத்திலேயே 'ஸ்லொட்ஸ்' (றாம் செருகும் இடங்கள்) வரியில் இரண்டில் ஒன்றுதான் பாவனையில் என்று காட்டினால் அந்த மெசினை விடாதீர்கள். இரண்டு 8 போட்டால் ஒரே 16ஐ விடக் கிராபிக்ஸ் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனாலும் பிறகு கூட்ட நினைப்பவருக்கு ஒரு தனி 16உம் ஒரு காலி ஸ்லொட்டும்தான் என் தெரிவு. றாமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு தலைமுறை இருக்கிறது. டிடிஆர்4 ஸ்லொட்டில் டிடிஆர்5 ஏறாது, துண்டில் இருக்கும் வெட்டின் இடம் வேறு. வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

'பிறகு மலியும்போது போடுவம்' என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2025இன் பிற்பகுதியிலிருந்து றாம் விலை ஏறுமுகம். செயற்கை நுண்ணறிவுத் தரவுமையங்களுக்கான நினைவகத்துக்குத் தொழிற்சாலைகள் முன்னுரிமை கொடுக்கின்றன. அந்த டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் குருஷியல் என்ற தன் சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதற்கு மேலே எங்களுக்கு டொலர் விலையும் இருக்கிறது.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக: ஆசிரியர், கணக்குப் பிள்ளை, அலுவலகக் கடிதங்கள் அடிப்பவர், கையில் 8 ஜிபி இருந்தால் அதையே பக்கங்களைக் குறைத்துத் திறந்து பாவிக்கலாம், புதிதாக வாங்கினால் 16. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வீட்டிலிருந்து கொழும்புக் கம்பனிக்குக் கோட் எழுதும் பிள்ளைகள், அன்ட்ரொய்ட் எமுலேட்டரோ (கணினிக்குள் ஓடும் போலிப் போன்) டொக்கரோ ஓட்டுவதென்றால் 32. எங்களைப் போல நிலப்படம் செய்பவர்களுக்கும் 32, ஒரே தடவையில் ஆயிரம் படம் ஓட்டுபவருக்கு 64. மாணவருக்கு 32 என்று யாராவது விற்க வந்தால் அந்தக் காசை நல்ல டிஸ்க்குக்கும் பற்றரிக்கும் போடச் சொல்லுங்கள். றாம் கூட்டும்போது டிஸ்க்கையும் யோசியுங்கள். மெசினை ஹைபர்னேட் பண்ணும்போது றாமில் இருப்பதை எழுதிவைக்கும் கோப்பு, றாம் அளவில் நாற்பது வீதம் வரை டிஸ்க்கில் இடம் பிடிக்கும். 32 ஜிபி றாமும் 256 ஜிபி டிஸ்க்கும் உள்ள மெசினில் அதற்கே பதின்மூன்று ஜிபி போய்விடும்.

தங்கச்சி கடைசியில் எடுத்தது ஒரு பாவித்த பிஸ்னஸ் லப்டொப், இரண்டு ஸ்லொட், ஒன்றில் 16. இரண்டாவது 16ஐ அடுத்த மாதம் நாங்கள் இருவரும் சேர்ந்து போட்டோம். பின்மூடியைக் கழற்றி, பற்றரி வயரை முதலில் விடுவித்து, துண்டைச் சரிவாகச் செருகி மெல்ல அழுத்த, இரண்டு பக்கக் கொழுக்கியும் 'டிக்' என்று பிடித்தது. அதற்குப் பிறகு ஓட்டிய முதல் குளம் 380 படம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

பாவித்த மெசினோ பாவித்த றாமோ வாங்குகிறவர்கள் காசைக் கொடுக்குமுன் கடைக்காரரிடம் ஒரு இரவு தவணை கேளுங்கள். றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு, காலைவரை ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழுதான றாம் ஒவ்வொரு நாளும் கரைச்சல் தராது. மதிப்பீடு அனுப்ப வேண்டிய நாளில் கோப்பைக் கெடுத்துவிட்டு நிற்கும்.