கோலம் இல்லாத வாசல்

2017 மார்கழியில் காசிக்குப் போனோம். மாமியாருக்கு எழுபத்தைந்து முடிந்த வருஷம். ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய் கங்கையில் கரைத்து, கங்கைத் தண்ணீரைச் சொம்பில் அடைத்து வாங்கிக்கொண்டு, பன்னிரண்டாம் நாள் காலையில் மதுரை வந்து இறங்கினோம். ஆட்டோ தெருவுக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் பூசணிப்பூ வைத்த கோலங்கள். எங்கள் வாசல் மட்டும் சருகு மூடி வெறிச்சென்று கிடந்தது. பேப்பர் போட வேண்டாம் என்று சொல்லியும் போட்டிருந்தார்கள். கேட்டுக்குள் ஆறேழு கிடந்தன. அப்புறம்தான் கதவு ஒருக்களித்திருப்பதைப் பார்த்தேன். கையில் கங்கைச் சொம்போடு அப்படியே நின்றேன்.

நான் திண்டுக்கல்காரி. நாகல்நகரில் அரம் தேய்க்கும் சத்தம் கேட்டே வளர்ந்தவள். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கே விருது கிடைத்த மாதிரி சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டேன். எங்கள் வாசல் கதவில் தொங்கியதும் அப்பா கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிக் கொடுத்த கனத்த திண்டுக்கல் பூட்டுதான். அதில் ஒரு கீறல்கூட இல்லை. பூட்டு பூட்டியபடியே நாதாங்கியில் தொங்கியது. நாதாங்கிதான் நிலையிலிருந்து பெயர்ந்து வந்திருந்தது. கட்டைவிரல் நகம் நீளத்துக்கு நாலு திருகாணி. இத்தனை வருஷமும் என் வீட்டைக் காத்தது அந்த நாலு திருகாணிதான். நெம்ப எடுத்த கடப்பாரையும் எங்களுடையதே. செம்பருத்திக்குக் குழி தோண்டிவிட்டுக் கொல்லையில் சாத்தி வைத்திருந்தோம்.

போலீஸ் வந்தது. கைரேகை எடுத்தார்கள். மோப்ப நாய் தெருமுனை டீக்கடை வரை ஓடி நின்றது. பேப்பரில் எத்தனையோ தடவை படித்த வரி அன்று என் வீட்டிலிருந்தே கிளம்பிப் போனது. நகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே வயதான ஏட்டையா ஒருவர் கேட்டார்: "எத்தனை நாளா வாசல் தெளிக்கலம்மா?"

போனது நாலரைப் பவுன், வெள்ளிக் குத்துவிளக்கு, குங்குமச்சிமிழ், பையனுடைய உண்டியல். பீரோ சாவி எங்கே இருந்தது என்று கேட்டார்கள். பீரோ மேலேதான், சூட்கேசுக்குப் பின்னால். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அரிசி டிரம்மைக் கவிழ்த்திருந்தார்கள், பூஜை அறைப் படங்களைக் கழற்றியிருந்தார்கள். நாம் ஒளித்துவைக்கும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே, துளசி மாடத்துக்குப் பின்னால், ஈபி மீட்டர் பெட்டிக்கு மேலே. வேலைக்கு வரும் அக்காவுக்காகச் சாவி வைக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஏழு மாதம் கழித்து விளக்கு மட்டும் கிடைத்தது. கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அது எங்களுடையதுதான் என்று காட்ட உதவியது, கடை பில்லும் பொங்கல் அன்று எடுத்த ஒரு ஃபோட்டோவும். அதிலிருந்து எந்த நகை வாங்கினாலும் பில்லை ஃபோட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுகிறேன். நகையையும் போட்டுக்கொண்டு ஒரு படம். மகள் இதை என் ஃபேஷன் ஷோ என்பாள்.

முதலில் ஆசாரியைக் கூப்பிட்டு நாதாங்கியை மாற்றினேன். திருகாணிக்குப் பதிலாக நிலையைத் துளைத்துப் போகும் போல்ட்டு, உள்பக்கம் நட்டு. கூடவே கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு. மொட்டை மாடிக் கதவைப் பார்த்த ஆசாரி சிரித்தார். வாசலுக்குத் தேக்கு, மாடிக்கு அரை இஞ்சு பலகை. தென்னை மரமோ பக்கத்து வீட்டு சன்ஷேடோ இருந்தால் மாடிக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே இரும்பு கிரில் போட்டோம். கடப்பாரையும் மண்வெட்டியும் ஏணியும் இப்போது வீட்டுக்குள்ளே தூங்குகின்றன.

ஆனாலும் இதையெல்லாம்விட ஏட்டையாவின் கேள்விதான் மனதில் தங்கியது. அதனால், போன மே மாதம் பத்து நாள் சிம்லா, மணாலி கிளம்பியபோது பெட்டி கட்டுவதற்கு முன்னாலேயே எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். தினமும் வாசல் தெளித்து ஒரு கோலம். சின்னதாக இருந்தாலும் போதும். பேப்பரை நிறுத்தவில்லை, பாலையும் நிறுத்தவில்லை. இரண்டையும் அக்காவே எடுத்துக்கொள்வார்கள். நிறுத்துகிறேன் என்று சொல்லும்போது பேப்பர்காரர், பால்காரர், கூட நின்று கேட்பவர் என்று ஒரு கூட்டத்துக்கே தேதி சொல்கிறோம். அக்கா பையனின் ஸ்கூட்டர் எங்கள் போர்ட்டிகோவில் நிற்கும். கேட் பூட்டு உள்பக்கமாகத் திருப்பிப் போட்டது, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. என் கணவர் தன் பங்குக்கு ஒரு பழைய ஜோடிச் செருப்பை வாசலில் விட்டுவந்தார். மூன்றாம் நாளே ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

விளக்கு விஷயத்தில் ஒரு அனுபவம். காசிக்குப் போனபோது வராந்தா விளக்கைப் போட்டுவிட்டே போயிருந்தோம். பட்டப்பகலில் எரியும் பல்பு இரவில் இருட்டாகக் கிடக்கும் வீட்டைவிட மோசம். பிறகு வாங்கிய டைமர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் ரகம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட் இல்லாத நாளில் அதுவும் ஐந்து மணி நேரம் பின்னால் போய்விட்டது. ஆறரைக்கு எரிய வேண்டியது பதினொன்றரைக்கு எரிந்தது. இப்போது வெளிச்சத்தைப் பார்த்துத் தானே எரிந்து அணையும் சென்சார் பல்பு இரண்டு போட்டிருக்கிறோம். கேமராவும் உண்டு. ஆனால் பதிவாகும் பெட்டி டிவிக்குக் கீழே இருந்தால் போகிறவர் அதையும் தூக்கிக்கொண்டு போவார். எங்களுடையது வேறு இடத்தில். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன்!

ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தோம். விலாசம், போகும் தேதி, வரும் தேதி, எங்கள் எண், அக்காவின் எண். ரோந்து போகிறவர்கள், வந்து போனதைக் குறிக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது எங்கள் தெருவையும் ஒரு பார்வை பார்த்துப் போனார்கள் என்று அக்கா சொன்னார்கள். போலீசிடம் போய் ஊருக்குப் போகிறோம் என்று சொல்வதா என்று மாமியார் தயங்கினார். குடும்ப வாட்ஸப் குழுவில் நாற்பத்து மூன்று பேருக்கு டிக்கெட்டோடு படம் போட்டவர்கள் நாம், அத்தை, என்றேன். அந்தப் பழக்கத்தையும் இந்தமுறை விட்டோம். மணாலிப் பனிப் படங்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகுதான் ஏறின. வழியில் கூரியர் பையன் ஃபோன் செய்து "மேடம், வீட்ல இருக்கீங்களா?" என்று கேட்டபோது ஊரில் இல்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "எதிர்வீட்ல குடுத்திருங்க தம்பி, கை வேலையா இருக்கேன்" என்றேன். அப்போது நான் ரோத்தாங் போகும் வழியில் இருந்தேன்.

நகை இப்போது லாக்கரில். அதன் சாவியையும் பீரோவில்தான் வைத்திருந்தேன் என்பதைக் கணவர் கண்டுபிடித்து இரண்டு நாள் சிரித்தார். லாக்கரில் வைத்தால் எல்லாவற்றுக்கும் வங்கி பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் போட்ட விதி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி திருட்டு, கொள்ளை, தீ போன்றவற்றிலோ ஊழியர் மோசடியிலோ பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். என் லாக்கர் வாடகை 2,000 ரூபாய். ஆக 2 லட்சம். பவுன் விலையைப் பார்த்தால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் பீரோ மேல் சாவிக்கு இது எவ்வளவோ தேவலை. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று கணவர் நம்பிக்கொண்டிருந்தார். எடுத்துப் படித்தால் அது பாரத் கிருஹ ரக்ஷா. தீ, வெள்ளம், புயலுக்கானது. பூட்டிய வீட்டில் நடக்கும் திருட்டுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தோம். எத்தனை நாள் தொடர்ந்து ஆள் இல்லாவிட்டால் காப்பீடு செல்லாமல் போகும் என்ற வரியையும் தேடிப் படித்துக்கொண்டோம்.

மணாலியிலிருந்து வந்து இறங்கியபோது வாசலில் ஒரு நாலு புள்ளிக் கோலம். கோடு ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை. அக்காவுக்குக் கால் வலியாம், கடைசி மூன்று நாள் பேத்தி போட்டிருக்கிறாள். அன்று முழுக்க அதை மிதிக்காமல் சுற்றித்தான் உள்ளே போய் வந்தோம்.

நாளைக்கு அக்கா வீட்டில் எல்லாரும் குற்றாலம் கிளம்புகிறார்கள், ஐந்து நாள். கோலமாவு டப்பாவையும் சாவியையும் சாயங்காலமே கொடுத்துவிட்டுப் போனார்கள். விடியற்காலையில் இரண்டு வாசல் தெளிக்க வேண்டும். அலாரத்தை ஐந்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.