64.77 எப்படி 65 ஆனது?

சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ்) பரீட்சைக்குப் படிக்கிற தம்பி ஒருவன் நேற்று ராத்திரி ஒரு ஓஎஸ்பிஎஃப் (காஸ்ட் குறைந்த பாதையை ரவுட்டர்கள் தேர்ந்தெடுக்கிற முறை) கணக்கைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஆர்1, ஆர்2 என்று இரண்டு ரவுட்டர், நடுவில் டி1 சீரியல் லிங்க், ஆர்2-வுக்குப் பின்னால் ஒரு லேன் (உள்ளூர் நெட்வொர்க்). ஆர்1-இலிருந்து அந்த லேனுக்கு காஸ்ட், அதாவது பாதையின் 'விலை', என்ன? விடை 65. "64.77 வருதுண்ணா, அதை ரவுண்ட் பண்ணித்தானே 65?" என்று கேட்டான்.

விடை சரி, ஆனால் வழி தப்பு. இந்தத் தப்பு கண்ணில் படாமலே போய்விடும் என்பதால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

ரெஃபரன்ஸ் பேண்ட்வித்தை (ஒப்பிடுவதற்கென்று வைத்த ஒரு வேகம்) இன்டர்ஃபேஸ் பேண்ட்வித்தால் வகுத்தால் காஸ்ட். சிஸ்கோவில் டீஃபால்ட் ரெஃபரன்ஸ் 100 எம்பிபிஎஸ். டி1 என்பது 1544 கேபிபிஎஸ், 100 எம்பிபிஎஸ் என்பது 1,00,000 கேபிபிஎஸ்; இதை 1544-ஆல் வகுத்தால் 64.77 வரும், தசமத்தை அப்படியே வெட்டிவிட வேண்டும். ஆக 64. மிச்சம் அந்த 1 எங்கிருந்து வந்தது என்றால், ஆர்2-வின் லேன் பக்கத்து ஃபாஸ்ட் ஈதர்நெட் (100 எம்பிபிஎஸ், அதனால் காஸ்ட் 1) இன்டர்ஃபேஸிலிருந்து. பாக்கெட் போகிற வழியில் ஒவ்வொரு ரவுட்டரிலும் வெளியேறுகிற இன்டர்ஃபேஸை மட்டும் கூட்ட வேண்டும், உள்ளே நுழைகிற இன்டர்ஃபேஸை விட்டுவிட வேண்டும், கடைசி லேனையும் சேர்க்க வேண்டும். ஆர்1-இல் ஷோ ஐபி ரூட் (தெரிந்த பாதைகளைக் காட்டும் கமாண்ட்) போட்டால் 110/65 என்று நிற்கும். 110 அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (பாதையைச் சொன்ன முறையை எவ்வளவு நம்பலாம் என்கிற எண்), 65 நம் கணக்கு. நடுவில் இன்னொரு டி1 இருந்திருந்தால் ரவுண்ட் பண்ணுகிற முறை அங்கேயே கவிழ்ந்திருக்கும்: ரவுண்ட் பண்ணினால் 130 வரும், சரியான விடை 64+64+1, அதாவது 129.

இன்னொன்று, சீரியல் இன்டர்ஃபேஸில் பேண்ட்வித் கமாண்ட் கொடுக்காவிட்டால் சிஸ்கோ ரவுட்டர் பொதுவாக 1544 என்றே எடுத்துக்கொள்ளும். நிஜ லிங்க் 64 கேபிபிஎஸ் ஆக இருந்தாலும் காஸ்ட் 64-தான். பேண்ட்வித் 64 என்று அடித்த பிறகுதான் அது 1562 ஆகும். லிங்கின் வேகம் இதனால் மாறாது, கணக்கு மட்டும்தான் மாறும். கேள்வியில் கொடுத்திருக்கிற கான்ஃபிகரேஷனில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

கிகாபிட் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. 100-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.1, ஆனால் 1-க்குக் கீழே காஸ்ட் கிடையாது, அதனால் ஃபாஸ்ட் ஈதர்நெட், கிகாபிட், 10 கிகாபிட் மூன்றுக்கும் 1. பத்து மடங்கு வேகமான லிங்கையும் மெதுவான லிங்கையும் ஓஎஸ்பிஎஃப் சமமாகப் பார்த்து டிராஃபிக்கை இரண்டிலும் பிரித்து அனுப்பும். ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 10000 (இது எம்பிபிஎஸ் கணக்கில்) என்று கொடுத்தால் முறையே 100, 10, 1 என்று பிரிந்துவிடும். ஆனால் எல்லா ரவுட்டரிலும் கொடுக்க வேண்டும், ஒன்றில் மட்டும் மாற்றினால் அதன் லிங்க்குகள் மட்டும் திடீரென்று விலை ஏறி, பாதைகள் தாறுமாறாகும். ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் என்று இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கொடுத்திருந்தால் வகுக்கிற வேலையே இல்லை, அந்த எண்தான்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தம்பி அடுத்த படத்தை அனுப்பிவிட்டான்: ஓ ஈ2 (ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து வந்த பாதையின் ஒரு வகை), மெட்ரிக் 20. அதில் எத்தனை ரவுட்டர் தாண்டினாலும் 20 அப்படியே இருக்கும், வழியிலுள்ள காஸ்ட் அதோடு சேராது. இன்னொரு வகையான ஈ1 என்றால்தான் கூட்ட வேண்டும்.