ஸ்டாம்ஃபோர்டு: சத்திரம் போன தெருக்கள்

லண்டனிலிருந்து, இங்கிலாந்தின் லிங்கன்ஷரில் இருக்கும் ஸ்டாம்ஃபோர்டுக்கு நேர் ரயில் கிடையாது. கிங்ஸ் கிராஸில் ஏறி, பீட்டர்பரோவில் இறங்கி, சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். அந்த மாறுதலில்தான் இந்த ஊரின் பழைய பப்கள், அதாவது மது விற்கும் சத்திரங்கள், போன கதை தொடங்குகிறது.

லண்டனையும் எடின்பரோவையும் இணைத்த வடக்குப் பெருஞ்சாலை ஒரு காலத்தில் ஊரை ஊடுருவிப் போனது. பாலத்துக்குத் தென்புறம் உள்ள ஜார்ஜ் விடுதியின் பெயர்ப்பலகை தூக்குமரம் போலச் சாலையின் குறுக்கே நிற்கிறது. வாசலின் இருபுறமும் இரண்டு அறைகள்: ஒன்றின் பெயர் லண்டன், மற்றது யார்க். ஒரு நாளைக்கு 20 குதிரைக் கோச் வண்டிகள் வடக்கே, 20 தெற்கே. அவற்றுக்குக் காத்திருந்தவர்கள் போகும் திசைக்கேற்ற அறையில் உட்கார்ந்தார்கள். 1840களில் ரயில் வந்தது. ஆனால் வடக்கே போகும் முக்கியப் பாதை பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது, ஸ்டாம்ஃபோர்டுக்குக் கிளைப்பாதைதான் வாய்த்தது. குதிரை மாற்றிப் பிழைத்த சத்திரங்களுக்கு அது பலத்த அடி. 1960-இல் புறவழிச்சாலை திறந்ததும் லாரிகளும் ஊரைச் சுற்றிக்கொண்டு போயின. ஜார்ஜ் தப்பியது, பல சத்திரங்கள் தப்பவில்லை.

போனவற்றைத் தெருவில் நின்றே கண்டுபிடிக்கலாம். முதலில் வளைவைப் பாருங்கள். ஒரு கடைக்கோ வங்கிக்கோ பக்கத்தில், கூரைமேல் ஆள் உட்கார்ந்த கோச் நுழையும் உயரத்துக்கு வாசல் இருந்தால், உள்ளே நீளமான முற்றமும் லாயங்களும் இருந்திருக்க வாய்ப்புண்டு. வளைவின் அடியில் இரு மூலைகளிலும் முண்டுக்கல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சக்கரக் குடம் சுவரை உரசாமல் இருக்க வைத்தது அது. அடுத்து, முதல் மாடி உயரத்தில், பெயர்ப்பலகை போய், எதையும் தாங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கை. கடைசியாக நடைபாதையில் பதித்த இரட்டைக் கதவு. பீப்பாயை அதன் வழியே நிலவறைக்கு உருட்டி இறக்குவார்கள். இந்த மூன்றில் இரண்டு ஒரே கட்டடத்தில் இருந்தால் அங்கே பப் இருந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். செயின்ட் மேரீஸ் தெருவில் தூண்களோடு நிற்கும் பெரிய கட்டடத்துக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. ஜார்ஜுக்குப் போட்டியாக எழுந்த ஸ்டாம்ஃபோர்டு ஹோட்டல் அது. இன்று கீழ்த்தளத்தில் கடைகள்.

செயின்ட் மார்ட்டின்ஸ் பகுதியில் இருந்த வேகன் அண்ட் ஹார்சஸ் சத்திரத்தின் கதை தனி. குதிரைப் பந்தயத்துக்கு வந்த லெஸ்டர்காரர் டேனியல் லாம்பர்ட் 1809 ஜூன் 21 அன்று அங்கே இறந்தார். வயது 39, எடை சுமார் 335 கிலோ. மாடி ஏற முடியாதவர் என்பதால் கீழ்த்தளத்தில்தான் தங்கியிருந்தார். சவப்பெட்டிக்கு 112 சதுர அடி எல்ம் பலகை பிடித்தது. அடியில் இரண்டு அச்சும் நான்கு சக்கரமும் பூட்டினார்கள். வெளியே எடுக்க ஜன்னலோடு சுவரையும் இடிக்க வேண்டியிருந்தது. குழிக்குள் இறக்க இருபது பேருக்கு ஏறக்குறைய அரைமணி நேரம் ஆனது. சத்திரம் இன்று இல்லை. செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் பின்புற இடுகாட்டில் கல்லறைக் கல் இருக்கிறது. கால் சுற்றளவு 3 அடி 1 அங்குலம், உடல் சுற்றளவு 9 அடி 4 அங்குலம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அவசியம் பார்க்க வேண்டிய கல்.

சாலை விலகிப்போனது ஒரு காரணம். இன்றைய பப்களை மூடவைப்பதை நிலவறையில் தேட வேண்டும். உயிருள்ள ஈஸ்டோடு வரும் பீரின் சின்னப் பீப்பாய்க்குப் பெயர் ஃபர்கின். கொள்ளளவு 9 கேலன், அதாவது 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று அதிகம்). அதைத் தாங்கியில் படுக்கவைத்து, மேல் துளையில் மென்மரக் குச்சி செருகி வாயுவைக் கசியவிட்டு, வண்டல் அடங்க ஒரு நாள் போல விட வேண்டும். அறை வெப்பம் 11 முதல் 13 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பீர் எடுக்க எடுக்க உள்ளே காற்று நுழையும். மூன்று நாளுக்குமேல் போனால் சுவை தட்டையாகிப் புளிக்கத் தொடங்கும். ஆக ஒரு வகை பீருக்கு நாளைக்கு 24 பைன்ட் போக வேண்டும். நான்கு குழாய் என்றால் 96. மழைக்கால செவ்வாய்க்கிழமையில் அது போகாது. மீந்ததைக் கொட்டினால் நஷ்டம், ஊற்றிக் கொடுத்தால் வந்தவர் மறுபடி வரமாட்டார். குழாய்களைக் குறைப்பதுதான் சரியான வழி. பலர் அதைச் செய்யத் தயங்கியே கெடுகிறார்கள்.

பல பப்களை நடத்துபவர் குத்தகைக்காரர். கட்டடம் யாருடையதோ அவர் சொல்லும் விலைக்குத்தான் பலர் பீர் வாங்க வேண்டியிருக்கிறது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த பீர் ஆலைகள் அந்த மிகுதியில் பாதியை இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1989-இல் அரசு ஆணையிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான பப்கள், பீர் காய்ச்சாமல் பப்களை மட்டும் சொத்தாக வைத்திருக்கும் நிறுவனங்களின் கைக்குப் போயின, பீர் கட்டுப்பாடு அப்படியே தொடர்ந்தது. பப்பாக ஓடுவதைவிட வீடாக விற்றால் லாபம் என்ற கணக்கும் அப்போதுதான் வலுத்தது.

1967-இல், பழைய கட்டடங்களின் தோற்றத்தைக் காக்கும் பாதுகாப்புப் பகுதிகளில் இங்கிலாந்தின் முதலாவதானது ஸ்டாம்ஃபோர்டு. அதனால் கல் பிழைத்தது, முகப்பு பிழைத்தது. பயன்பாட்டுக்கு அந்தக் காவல் போதவில்லை. 2017 மே மாதம் வரை இங்கிலாந்தில் உள்ளாட்சியின் திட்ட அனுமதியே இல்லாமல் பல பப்களைக் கடையாக மாற்ற முடிந்தது. அதன்பின் மாற்றவும் இடிக்கவும் அனுமதி கட்டாயம். 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வழியும் வைத்தது. உள்ளூர் வாக்காளர் 21 பேர் சேர்ந்து ஒரு பப்பைச் சமூகச் சொத்தாகப் பதியக் கேட்கலாம். பதிவு ஐந்து ஆண்டு நிற்கும். உரிமையாளர் விற்க நினைத்தால் ஊர்க்குழு ஆறு வாரத்துக்குள், வாங்க விருப்பம் என்று கை தூக்க வேண்டும். தூக்கினால் பணம் திரட்ட மொத்தம் ஆறு மாதம். ஆனால் அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்தச் சட்டம் வைக்கவில்லை. விற்பனைப் பலகை தொங்கிய பிறகு 21 பேரைத் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. செயின்ட் பால்ஸ் தெருவில் டோபி நாரிஸ் என்ற பப், பழைய மணி வார்ப்பாளர் ஒருவரின் வீட்டில் இந்த நூற்றாண்டில் திறந்தது. கோணல்மாணலான சின்ன அறைகள், கல் தரை. வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டம் சேருமுன் போனால் உட்கார இடம் கிடைக்கும்.

திரும்பும் வழியில் மூடிக் கிடக்கும் பப் ஏதாவது கண்ணில் பட்டால் எதிரே உள்ள விளக்குக் கம்பத்தையும் பாருங்கள். பயன்பாட்டை மாற்றக் கேட்ட விண்ணப்பத்தின் அறிவிப்பு அதில் கட்டியிருக்கலாம். கருத்து அனுப்பப் பொதுவாக 21 நாள், யாரும் எழுதலாம். பிடித்த இடம் என்று மட்டும் எழுதினால் எடுபடாது. நடந்து போகும் தூரத்தில் வேறு பப் உண்டா, அங்கே எந்தெந்தக் குழுக்கள் கூடின, நியாயமான விலைக்கு எத்தனை மாதம் விற்பனைக்கு வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.