அம்மாவின் அலமாரியில் இருந்த அபின்

அம்மாவின் கட்டிலுக்கு அருகிலிருந்த அலமாரியின் மேல்தட்டில், கோணேசர் படத்துக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் இடையில், அவருடைய கடைசி ஏழு மாதங்களும் ஒரு பழுப்பு நிறப் போத்தல் இருந்தது. அதில் இருந்தது மோர்ஃபின் சிரப். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஊசி கழற்றிய சிரிஞ்சில் கோடு பார்த்து இழுத்து, கடைவாய்ப் பக்கமாக மெல்ல விட வேண்டும். மோர்ஃபின் அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது என்பது எங்கள் திருகோணமலை உவர்மலை வீட்டுக்கு வந்துபோன உறவினர்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தப் போத்தலைப் பார்த்து முகம் சுளித்தவர் எவரும் இல்லை. டொக்டர் எழுதினார், வைத்தியசாலை கொடுத்தது, நான் அளந்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

அபினையும் கஞ்சாவையும் இலங்கையில் கட்டுப்படுத்துவது ஒரே சட்டம், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். (ஔடதம் என்றாலே மருந்து என்றுதான் பொருள். தமிழில் அந்தப் பெயரை வைத்தவர் அதை நினைத்து வைத்தாரோ, தெரியாது.) அந்த ஒரே சட்டத்தின் கீழ் ஒரு செடியின் சாறு அளவு குறித்த மருந்தாக எங்கள் வீட்டு அலமாரி வரைக்கும் வந்துசேர, மற்றச் செடியின் சாற்றுக்கு மட்டும் அந்த வழி ஏன் அடைபட்டிருக்கிறது என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அம்மா. மோர்ஃபின் அவருடைய எலும்பு வலியைப் பிடித்து நிறுத்தியது. ஆனால் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய பிறகு பாதங்களில் தொடங்கிய எரிவு அதற்கு அடங்கவில்லை, குமட்டலோ கூடியது. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்வந்த அடுத்த மூன்று நாட்களும், ரசம் தாளிக்கும் மணம் குசினியிலிருந்து வந்தாலே ஓங்காளிப்பார். அவருடைய தகப்பனார் மூதூர்ப் பக்கத்தில் பரியாரியாராக இருந்தவர். கஞ்சா இலையைச் சுத்தி செய்து லேகியத்தில் சேர்ப்பதைச் சிறுமியாக இருந்து பார்த்தவர் அம்மா. ஒருநாள் வாயைக் கொப்பளித்துவிட்டு, "அபின் தாற டொக்டருக்குக் கஞ்சா தர ஏலாதாமோ, தம்பி?" என்று கேட்டார்.

அடுத்த கிளினிக்கில் அதை அப்படியே டொக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இத்தகைய வாந்திக்குக் கொடுக்கும், கஞ்சாவின் போதைப் பொருளை ஒத்துச் செயற்கையாகச் செய்த ட்ரோனபினோல், நபிலோன் என்ற மாத்திரைகள் அமெரிக்காவில் 1985 முதலே அனுமதி பெற்றவை என்றும், தான் துண்டில் எழுதித் தந்தாலும் அதைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதற்கு இங்கே இடம் இல்லை என்றும் சொன்னார்.

இடம் இல்லை என்பது முழு உண்மையும் அல்ல. அதே கிழமை, தெரிந்த ஒருவர் என்னை உட்துறைமுக வீதியில் மறித்து, "சுத்தமான சாமான், சேர், அம்மாவுக்கு எண்டபடியால்தான் சொல்லுறன்" என்று பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றைக் காட்டினார். நான் வாங்கவில்லை. அதை என் நேர்மை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். பொலிஸுக்குப் பயந்தேன், அதைவிட அந்தப் பொட்டலத்துக்கே அதிகம் பயந்தேன். அதில் போதை தரும் டிஎச்சி எவ்வளவு, என்ன மருந்து அடித்து வளர்த்தார்கள், எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோன ஒரு நோயாளிக்குப் பூஞ்சணம் பிடித்த இலையே ஆளை முடித்துவிடக்கூடும்.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்துக்குச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. பதிவுபெற்ற வைத்தியர்களின் மருந்துத் தயாரிப்புக்கு ஆயுர்வேத ஆணையாளர் ஊடாகக் கஞ்சா வழங்கலாம். ஆனால் அந்தக் கஞ்சா வருவது நீதிமன்றங்களிலிருந்து: பிடிபட்டு, சான்றுப்பொருளாகக் களஞ்சியத்தில் கிடந்து, வழக்கு முடிந்த பிறகு கிடைப்பது. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழசாகும்போது அதிலுள்ள டிஎச்சி சிதைந்து வேறொன்றாக மாறிவிடுகிறது. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து வெளியேறும் பிள்ளைகள், களவுக்குப் பிடிபட்ட பழைய இலையை நம்பி மருந்து செய்ய வேண்டியிருப்பது எனக்கு வெட்கமாகவே படுகிறது.

கஞ்சா புற்றுநோயைக் குணமாக்கும் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நான் நம்பவில்லை. அதற்குச் சான்று இல்லை. நரம்பு வலிக்கு அது தரும் ஆறுதலும் பலருக்குச் சிறிதளவே. சான்று உறுதியாக இருப்பது குழந்தைகளின் சில கடும் வலிப்பு நோய்களில். கஞ்சாவிலுள்ள, போதை தராத கனபிடியோல் மட்டும் பிரித்தெடுத்த எபிடியோலெக்ஸ் என்ற திரவ மருந்தை, ட்ரவே, லெனொக்ஸ்-கஸ்டோ ஆகிய இரு நோய்களுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் அனுமதித்தது. அதுவும் ஈரலைப் பாதிக்கலாம். சோடியம் வல்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் எடுக்கும் பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டும். மருத்துவரின் கையில் இருக்க வேண்டிய பொருள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போதைப்பொருள் பற்றிய 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அந்த உடன்படிக்கையின் முகவுரையே வலி தணிக்கப் போதை மருந்துகள் இன்றியமையாதவை என்று ஒப்புக்கொள்கிறது. அதன் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 2020 டிசம்பர் 2ஆம் திகதி ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்குகளால் தீர்மானித்தும்விட்டது. எங்கள் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலேயே ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை வந்தது. டொலர் வருமென்றால் செடி மருந்தாகிவிடுகிறது. உவர்மலைக் கிழவிக்கு என்றால் அது போதைப்பொருள்.

கஞ்சாவால் இளம்பிள்ளைகள் கெடுவார்கள் என்ற பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன். வளரும் மூளைக்கு அது செய்யும் கெடுதியை, சிலருக்கு மனநோயே வருவதை, மறைத்துப் பேச முடியாது. ஆனால் கடற்படை பிடிக்கும் கேரளக் கஞ்சா எந்த நோயாளியின் அலமாரியிலிருந்தும் வந்ததில்லை. அம்மா கண்மூடி எட்டாம் நாள், மிஞ்சிய மோர்ஃபினைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கிருந்த பெண் போத்தலைக் கண்ணாடிக் குவளையில் கவிழ்த்து, கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, 38 மில்லிலீட்டர் என்று பதிவேட்டில் எழுதி, என்னிடமும் இன்னொரு ஊழியரிடமும் கையெழுத்து வாங்கினார். அந்தப் பதிவேட்டில் கனபிடியோலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். தரம் பார்த்துப் பதிவுசெய்த கஞ்சா மருந்துகளை விசேட வைத்திய நிபுணரின் சிட்டைக்கு அரச வைத்தியசாலையில் மட்டும் வழங்க வேண்டும். சித்த வைத்தியர்களுக்குப் புதிய, அளவு சோதித்த இலை கிடைக்க வேண்டும். கேட்டிருப்பது இந்த இரண்டும்தான். புகைக்க எவருக்கும் அனுமதி கேட்கவில்லை. இதுவரை பதினொரு பேர் கையெழுத்திட்டுள்ளனர். பன்னிரண்டாமவர், அம்மாவின் கால்களுக்கு இரவிரவாக எண்ணெய் தேய்த்துவிட்ட என் சித்தி, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார், எல்லாம் சரி என்றார், பேனையையும் எடுத்தார். பிறகு, மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கஞ்சா என்று போட்ட கடிதத்தில் பெயர் இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று சொல்லிப் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.